முதல் நாவல்: எழுதி முடித்த பிறகு (வாசகர் கேள்வி - பதில்)

முதல் நாவலை எழுதி முடித்துவிட்டுப் பதிப்பகத்துக்கு அனுப்பக் காத்திருப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் ஆசிரியர் அறிவித்திருந்தார். வந்த கடிதங்களில் பல, கேள்வியே இல்லாமல் முழு நாவலையும் இணைத்து வந்தவை. அவற்றை நான் படிக்கப்போவதில்லை, மன்னிக்கவும். மற்றவற்றில் பலருக்கும் பொதுவானதை எடுத்துக்கொண்டேன். திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்க ஆரம்பித்து, அப்புறம் பதிப்பகங்களுக்குப் பிரதி திருத்திக் கொடுத்தே காலத்தை ஓட்டியவன் நான். அதனால் நல்ல நாவல் எழுதுவது எப்படி என்ற கேள்விகளை இலக்கியம் தெரிந்தவர்களிடம் தள்ளிவிட்டேன்.

ஆறு வருடமாக எழுதிய நாவல் இப்போதுதான் முடிந்தது. 1,10,000 சொற்கள். அப்படியே அனுப்பலாமா, இல்லை நீளம் என்று ஒதுக்கிவிடுவார்களா?
பள்ளி ஆசிரியை, தேனி

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம் அம்மா. டெம்மி என்ற வழக்கமான புத்தக அளவில், சாதாரண எழுத்தில், ஒரு பக்கத்துக்கு 240 சொல் வரை வரும். உங்கள் நாவல் 460 பக்கத்தைத் தொடும். ஒரு பெரிய தாளில் அடித்து மடிக்கும் ஃபாரம் ஒன்றுக்கு 16 பக்கம். ஆக 29 ஃபாரம். பக்கத்துக்கு ஒரு ரூபாய்க்கு மேல் விலை வைக்கிற காலம் இது. பெயர் தெரியாத ஒருவரின் முதல் நாவலுக்கு வாசகர் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கொடுப்பாரா என்றுதான் பதிப்பாளர் யோசிப்பார். அதற்காக 460 பக்க நாவல் வரவே கூடாது என்றில்லை, வந்திருக்கின்றன. ஆனால் அந்த நீளம் கதைக்குத் தேவைதானா என்று முதலில் நீங்களே பார்த்துவிடுங்கள்.

ஒரு மாதமாவது கோப்பைத் திறக்காதீர்கள். பிறகு முழுவதையும் தாளில் அச்சிட்டு, சத்தம் போட்டுப் படியுங்கள். திரையில் கண்ணுக்குத் தப்பியது வாய்க்குத் தப்பாது. மூச்சு முட்டுகிற வாக்கியம், ஒரே மாதிரி பேசுகிற மூன்று பாத்திரங்கள், இரண்டு முறை சொல்லப்பட்ட சேதி எல்லாம் நாக்கில் தட்டும்.

வெட்டுவதை முதல் நாற்பது பக்கத்தில் ஆரம்பியுங்கள். என் கைக்கு வந்த முதல் நாவல்கள் பலவற்றில் நாயகன் பல வருடம் கழித்து ஊருக்கு வருவான். பஸ்ஸிலிருந்து இறங்குவான். டீக்கடைக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "யாரு தம்பி, பெரியவரு பேரனா?" என்று கேட்பார். உடனே தாத்தா காலத்துக்குப் போய் நாற்பது பக்கம் வம்ச வரலாறு ஓடும். கதை ஐம்பத்திரண்டாம் பக்கத்தில்தான் தொடங்கும். அந்த வரலாற்றை எழுதியது வீண் இல்லை. அதை எழுதித்தான் நீங்கள் கதைக்குள் போயிருப்பீர்கள். வாசகருக்கு அது தேவையா என்பது வேறு கேள்வி. ஐம்பத்திரண்டாம் பக்கத்தையே முதல் பக்கமாக வைத்துப் பாருங்கள். உள்ளே அவசியமான நாலு தகவல் மட்டும் பின்னால் எங்காவது இடம் கேட்கும், கொடுத்துவிடலாம்.

அப்புறம், ஒவ்வொருவருக்கும் கை தானாக எழுதுகிற சொற்கள் உண்டு. 'ஏனோ', 'ஒரு கணம்', 'மெல்ல', 'பெருமூச்சு விட்டாள்'. தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள். ஒரு நாவலில் எண்பது பெருமூச்சு வந்தால் வாசகரும் விட ஆரம்பித்துவிடுவார்.

காலக்கணக்கையும் ஒரு தாளில் தனியாக எழுதி வையுங்கள்: யார் எப்போது பிறந்தார், எந்த வருடம் என்ன நடந்தது. 2015இல் நடக்கும் காட்சியில் இரண்டாயிரம் ரூபாய் நோட்டை நீட்டுகிறார்கள். அந்த நோட்டு வந்ததே 2016 நவம்பரில். எண்பதுகளில் நடக்கும் கதையில் கலெக்டர் 'திருப்பூர் மாவட்டத்துக்கு' மாறுதலாகிறார். அந்த மாவட்டம் 2009இல்தான் உருவானது. பதிப்பகத்தில் இதையெல்லாம் பார்க்க ஆள் இருப்பார் என்று நம்பாதீர்கள். அடுத்த கேள்வியும் அதைப் பற்றியதுதான்.

எழுதுவதுதானே எழுத்தாளன் வேலை? ஒற்றுப் பிழை, சந்திப் பிழையெல்லாம் பதிப்பகம் பார்த்துக்கொள்ளாதா?
கல்லூரி மாணவர், மதுரை

பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஆங்கிலப் பதிப்புலகைப் பற்றிப் படித்துவிட்டு, இங்கேயும் இலக்கிய முகவர் ஒருவர், அவருக்கு அடுத்து எடிட்டர் ஒருவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் தம்பி. தமிழில் பிரதியை நேராகப் பதிப்பாளருக்கே அனுப்புகிறோம். முழுநேர எடிட்டர் வைத்திருக்கும் பதிப்பகங்கள் குறைவு. பல இடங்களில் பதிப்பாளரேதான் பிரதியைப் படிக்கிறார், அச்சகத்துக்குப் போகிறார், புத்தகக் காட்சியில் பில்லும் போடுகிறார். மெய்ப்பு (புரூஃப்) பார்ப்பவர் வெளியாள்; பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு, அவசரத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பவர். ஆக நீங்கள் அனுப்பும் பிழை, அநேகமாக அப்படியே அச்சாகும். மதிப்புரையில் யாராவது அதைச் சுட்டிக்காட்டும்போது பதிப்பகத்தின் பெயரோடு உங்கள் பெயரும்தான் இருக்கும்.

முழு இலக்கணமும் படிக்க வேண்டாம். அடிக்கடி வரும் சில இடங்கள் பிடிபட்டால் முக்கால்வாசி சரியாகிவிடும். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னால் வல்லின ஒற்று மிகும்: அந்தப் பெண், இந்தக் கதவு. 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பின்னால் மிகும்: அவனைக் கேட்டான், ஊருக்குப் போனான். 'என' என்பதற்குப் பின் மிகும், 'என்ற' என்பதற்குப் பின் மிகாது: எனக் கேட்டாள், என்ற கேள்வி. வினையெச்சத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். 'எடுத்துச் சென்றான்' சரி, 'கேட்டுப் பார்த்தான்' சரி. ஆனால் 'வந்துப் போனான்' தவறு, 'செய்துக் கொடுத்தான்' தவறு. 'த்து', 'ட்டு' போல வல்லின மெய்யை அடுத்து வரும் உகரத்தில் மிகும். 'ந்து', 'ய்து' ஆகியவற்றில் மிகாது. ஒற்றுப் போடாமல் விடுகிறவர்களைவிட, பயத்தில் எல்லா இடத்திலும் ஒற்றைத் தூவுகிறவர்களின் பிரதிதான் எனக்கு அதிக வேலை வைத்தது.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒன்று மேசையில் இருக்கட்டும். 1992இல் முதல் பதிப்பு, 2008இலும் 2020இலும் விரிவாக்கிய பதிப்புகள். சொல்லைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்ற சந்தேகத்துக்கு அதில் கிடைக்கும் வழக்கையே நாவல் முழுவதும் கடைப்பிடித்தால் போதும். ஒரு பக்கத்தில் 'கொண்டிருந்தான்' சேர்ந்தும் அடுத்த பக்கத்தில் பிரிந்தும் இருப்பது கண்ணை உறுத்தும்.

பேச்சு மொழியிலும் அதே ஒழுங்கு வேண்டும். ஒரு பாத்திரம் 'வந்துட்டான்' என்றால் கடைசிவரை 'வந்துட்டான்'தான். பத்தாம் அத்தியாயத்தில் 'வந்திட்டான்', இருபதில் 'வந்துவிட்டான்' என்று மாறினால், அந்த ஆள் ஊர் மாறிவிட்டானோ என்று தோன்றும். பாத்திரத்தின் பெயர், வயது, உறவுமுறை, பேச்சில் அடிக்கடி வரும் சொல் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக்கி வையுங்கள். கதாநாயகி தன் மாமனாரை ஓர் இடத்தில் 'மாமா' என்றும் வேறோர் இடத்தில் 'அப்பா' என்றும் கூப்பிடுவது குழப்பமா, காரணத்தோடுதானா என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

நான் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தேன். தமிழ்நாட்டுப் பதிப்பகம் யூனிகோட்டில் கேட்கிறது. இன்னொன்றும்: கதிரை, குசினி, யன்னல், சாரம் என்று எழுதியவற்றை நாற்காலி, சமையலறை, ஜன்னல், லுங்கி என்று மாற்றிவிடவா?
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், யாழ்ப்பாணம்

இரண்டாவதுக்கு முதலில் பதில்: மாற்ற வேண்டாம் ஐயா. வல்வெட்டித்துறை வீட்டுக்குள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த வீடே பொய்யாகிவிடும். தமிழ்நாட்டு வாசகர்கள் ஈழத்து நாவல்களைப் படித்துப் பழகியவர்கள்தான். பின்னால் அருஞ்சொற்பொருள் அகராதி போடுவதையும் நான் விரும்புவதில்லை. கதிரையை இழுத்துப் போட்டு ஒருவர் அமர்ந்தால் கதிரை என்னவென்று விளங்காதா? நெல்லை, கொங்கு, கரிசல் வழக்கில் எழுதுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

இப்போது பாமினி. உங்கள் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பைதான் தெரியும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளியே அரைப்புள்ளி விசையில்தானே இருக்கிறது! வானவில், செந்தமிழ் போன்ற பழைய எழுத்துருக்களிலும் இதே கதைதான். பதிப்பாளர் கைப்பேசியில் திறப்பார், ஒன்றும் புரியாது, மூடிவிடுவார். எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி திறக்கும் யூனிகோடுக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும். மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரதியில் இடையே ஆங்கில எழுத்தில் ஏதாவது எழுதியிருந்தால், செயலி அதையும் தமிழ் என்று நினைத்து உருட்டிவிடும். மேற்கோள் குறி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி ஆகியவை இடம் மாறும். மாற்றிய பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நான் முழு நாவலையும் கைப்பேசியில் தட்டச்சு செய்தேன், சில அத்தியாயங்களைக் குரல்வழியாகச் சொல்லியே எழுதினேன். யூனிகோட்தான். இன்னும் என்ன செய்ய வேண்டும்?
தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

நிறைய இருக்கிறது. யூனிகோட் என்பதாலேயே பிரதி சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்து, கணினிக்கு வேறாக இருக்கும் எழுத்துகள் தமிழில் பல. 'ஔ' என்று ஒரே எழுத்தாக அடிக்க வேண்டியதை 'ஒ', 'ள' என்று இரண்டாக அடித்துவிடுகிறார்கள். 'கௌரி'யில் வரும் குறியீட்டுக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் 'ள'வும் போடுகிறார்கள். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' வந்துவிடுகிறது. 'காலம்' என்பது 'கரலம்' ஆகிவிடும், சில எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. 'எ' வர வேண்டிய இடத்தில் ஏழைக் குறிக்கும் பழைய தமிழ் எண் '௭' உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் பக்கங்களை லேஅவுட் (வடிவமைப்பு) செய்பவர் எழுத்துருவை மாற்றும்போது திடீரென்று பல்லைக் காட்டும். நாயகி பெயர் கௌரி என்றால், தேடலில் அந்தப் பெயரைப் போட்டு எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். சில அத்தியாயங்களில் அவள் காணாமல் போயிருந்தால் எழுத்துக் குழப்பம் என்று அர்த்தம்.

குரல்வழித் தட்டச்சு நல்ல வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முற்றுப்புள்ளி தெரியாது. ல, ள, ழ மூன்றும் நம் வாயில் எப்படி வருகிறதோ அப்படித்தான் அதன் காதில் விழும். ர, ற, ந, ன, ண என்று எல்லாவற்றுக்கும் இதே நிலைமை. 'மரம்', 'மறம்' இரண்டுமே சரியான சொல் என்பதால் பிழைதிருத்தியும் கண்டுபிடிக்காது. அந்த அத்தியாயங்களை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சொன்னது உங்கள் வாய் என்பதால், எழுதியிருப்பது எதுவாக இருந்தாலும் நீங்கள் நினைத்ததைத்தான் உங்கள் கண் படிக்கும்.

கோப்பின் வடிவத்தை எளிமையாக வையுங்கள். நாவல் முழுவதும் ஒரே வேர்டு கோப்பு. முப்பத்து நாலு அத்தியாயத்துக்கு முப்பத்து நாலு கோப்பு அனுப்பினால், ஒன்றைத் திறக்க மறந்துவிடுவார்கள். எழுத்தின் அளவு 12, வரிகளுக்கு நடுவே ஒன்றரை இடைவெளி, பக்க எண். பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ள இடைவெளி விசையை ஐந்து முறை தட்டாதீர்கள்; அதற்கென்று இருக்கும் பத்தி அமைப்பைப் பயன்படுத்துங்கள். புது அத்தியாயத்துக்கு என்டர் விசையைத் தட்டிக்கொண்டே போகாமல் பக்க முறிப்பை (பேஜ் பிரேக்) போடுங்கள். அத்தியாயத் தலைப்புகள் எல்லாம் ஒரே பாணியில் இருக்கட்டும். வண்ண எழுத்து, பூ வேலைப்பாடு, இணையத்திலிருந்து எடுத்த படம் எதுவும் வேண்டாம். உரையாடலுக்கு இரட்டை மேற்கோள் என்றால் கடைசிவரை அதுதான். மூன்று புள்ளிக்கு மேல் வைக்காதீர்கள். ஏழு புள்ளி வைத்தால் சோகம் கூடிவிடாது.

கோப்பின் பெயர் 'நாவல் ஃபைனல் புதுசு 3' என்று இருக்கக் கூடாது. நாவலின் தலைப்பும் உங்கள் பெயரும் போதும். முதல் பக்கத்தில் தலைப்பு, பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், மொத்தச் சொற்கள். வேர்டு கோப்போடு பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். கைப்பேசியில் படிக்கிறவருக்கு அது உதவும்.

பெரிய எழுத்தாளர் ஒருவரிடம் அணிந்துரை கேட்டிருக்கிறேன். எட்டு மாதமாகிறது. அது வந்த பிறகு அனுப்பினால் மதிப்புக் கூடும் அல்லவா?
வங்கி ஊழியர், பட்டுக்கோட்டை

கூடாது. எட்டு மாதமாக உங்கள் நாவல் அவர் மேசையில் தூங்குகிறது, அவ்வளவுதான். பதிப்பாளர் அணிந்துரையைப் படித்து நாவலை ஏற்பதில்லை. யாரிடம் எழுதி வாங்கலாம், வேண்டவே வேண்டாமா என்பதை நாவலை ஏற்ற பிறகு அவரே சொல்வார். என்னுரை, நன்றியுரை, சமர்ப்பணம் ஆகியவற்றையும் இப்போது எடுத்துவிடுங்கள். ஆறு பக்க நன்றியுரையைத் தாண்டி முதல் அத்தியாயத்துக்கு வரச் சொல்வது அநியாயம்.

பிரதியோடு அனுப்பும் இணைப்பு மடல் பத்து வரிக்குள் இருக்கட்டும். நாவலின் பெயர், எத்தனை சொல், எந்த ஊர், எந்தக் காலம், யாருடைய கதை என்று மூன்று வரி. உங்களைப் பற்றி இரண்டு வரி: என்ன வேலை, சிறுகதை ஏதாவது வெளியாகியிருந்தால் எந்த இதழில். 'தமிழில் இதுவரை யாரும் தொடாத களம்' என்ற வரி வேண்டாம். பல மடல்களில் அது இருக்கிறது. தனியாக ஒரு பக்கக் கதைச்சுருக்கம் வையுங்கள். அதில் முடிவையும் சொல்லிவிடுங்கள். 'முடிவை வெள்ளித்திரையில் காண்க' என்று சினிமா பாட்டுப் புத்தகம் போல நிறுத்தினால் பதிப்பாளருக்கு எரிச்சல்தான் வரும்.

எந்தப் பதிப்பகம் என்பதற்கு உங்கள் அலமாரியையே பாருங்கள். உங்கள் நாவலோடு பக்கத்தில் நிற்கக்கூடிய புத்தகங்களை யார் போட்டிருக்கிறார்கள்? குடும்ப நாவலும் துப்பறியும் கதையும் போடுகிறவருக்கு, வாக்கியமே பக்கம் முழுக்க ஓடும் சோதனை முயற்சியை அனுப்பிப் பயனில்லை. பதிப்பகத்தின் இணையதளத்தில் பிரதி அனுப்ப விதி ஏதாவது சொல்லியிருந்தால், நான் மேலே சொன்னதை விட்டுவிட்டு அதன்படியே செய்யுங்கள்.

கதையைப் பிரதிலிபி இணையதளத்தில் தொடராக எழுதினேன், நல்ல வாசகர்கள். பிறகு கிண்டிலிலும் ஏற்றினேன். இதை அச்சுப் பதிப்பகத்துக்கு அனுப்பலாமா?
இல்லத்தரசி, கோவை

அனுப்பலாம். ஆனால் மறைக்காதீர்கள், முதல் மடலிலேயே சொல்லிவிடுங்கள். சில பதிப்பகங்கள் ஏற்கெனவே இணையத்தில் வந்ததை எடுப்பதில்லை. சிலருக்கு அதுவே விளம்பரம். கிண்டிலில், மின்னூலை அமேசானுக்கு மட்டுமே தரும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் 90 நாள் மின்னூலாக வேறெங்கும் தர முடியாது, நீங்கள் தடுக்காவிட்டால் அது தானாகவே அடுத்த 90 நாளுக்கு நீளும். அச்சுக்கு அது தடையில்லை. ஆனால் பதிப்பகம் மின்னூல் உரிமையும் கேட்டால் சிக்கல் வரும்.

அதைவிடப் பெரிய வேலை பிரதிக்குள் இருக்கிறது. தொடரில் ஒவ்வொரு பகுதியும் ஒரு திகிலில் முடியும், அடுத்தது 'சென்ற பகுதியில் நடந்தது' என்று ஞாபகப்படுத்தித் தொடங்கும். வாரம் ஒருமுறை படிப்பவருக்கு அது தேவை. ஒரே மூச்சில் புத்தகமாகப் படிப்பவருக்கு ஐந்து பக்கத்துக்கு ஒருமுறை கதவு தட்டப்பட்டு, திறந்து பார்த்தால் பால்காரராக இருந்தால் அலுத்துவிடும். ஞாபகப்படுத்தல்களை எல்லாம் நீக்குங்கள். இரண்டு மூன்று பகுதிகளைச் சேர்த்து ஒரு அத்தியாயமாக்குங்கள். வாசகர் கருத்துகளைப் பார்த்துப் பாதியில் பாத்திரத்தின் குணத்தை மாற்றியிருந்தால், அந்த மாற்றம் ஆரம்பத்திலிருந்தே தெரிய வேண்டும்.

நாவலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஒரு பழைய சினிமாப் பாட்டின் நாலு வரி வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பண்ணையார் குடும்பமும் உண்மைப் பெயரில் வருகிறது. பிரச்சினை வருமா?
கடை உரிமையாளர், கும்பகோணம்

இரண்டிலும் வரலாம். பழைய பாட்டு என்பதால் பொதுச்சொத்து ஆகிவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். கண்ணதாசன் 1981இல் காலமானார். கணக்குப் போட்டால் 2041 முடிய. மதிப்புரையிலோ விமர்சனத்திலோ மேற்கோள் காட்டுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. அத்தியாயத்துக்கு அலங்காரமாக வைப்பது அதில் அடங்கும் என்று நம்பி இறங்க முடியாது. அனுமதி கேட்கும் வேலை பதிப்பாளர் தலையில் விழும் என்பதாலேயே அவர் தயங்குவார். பாட்டைப் பாத்திரம் முணுமுணுக்கட்டும், வரிகளை அச்சிட வேண்டாம். அத்தியாய முகப்பில் வரி வேண்டுமென்றால் சங்கப் பாடலும் பாரதியும் இருக்கிறார்களே, யாரும் கேட்க மாட்டார்கள்.

பண்ணையார் விஷயம் இன்னும் கவனமாக. பெயரை மட்டும் மாற்றி, தெரு, கோயில் மரியாதை, கார் நிறம் எல்லாம் அப்படியே இருந்தால் ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356ஆம் பிரிவில் அவதூறு குற்றம். இறந்துபோனவரைப் பற்றி எழுதினாலும், அவர் குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அதற்குள் வரலாம். இரண்டு மூன்று மனிதர்களைக் கலந்து ஒருவரை உருவாக்குங்கள், தொழிலை மாற்றுங்கள், ஆற்றின் அந்தக் கரைக்குக் கொண்டுபோங்கள். அப்படி மாற்றிய பிறகு அந்தப் பாத்திரம் உயிரோடு நடமாட ஆரம்பிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உண்மை ஆளுக்கு அடங்கி நடக்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறதல்லவா?

ஒரு பதிப்பகம் நாவலை ஏற்றுக்கொண்டது. ஆனால் 60,000 ரூபாய் கட்டச் சொல்கிறது, 300 பிரதி போடுவார்களாம். ஒப்பந்தம் எதுவும் தரவில்லை.
பெயர் வேண்டாம், சிவகாசி

பணம் வாங்கிப் போடுவது ஏமாற்று இல்லை, அது அச்சிட்டுத் தரும் சேவை. அதைச் சேவை என்று சொல்லிச் செய்தால் எனக்கு மறுப்பில்லை. 'ஏற்றுக்கொண்டோம்' என்று சொல்லிவிட்டுப் பணம் கேட்பதுதான் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் 1,000, 1,200 என்று அடித்து, அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணையை நம்பிக் காத்திருந்தார்கள். இப்போது தேவைக்கேற்ப 100, 200 என்று அச்சடிக்க முடிகிறது. ஆகவே 300 பிரதி என்றால் அச்சகச் செலவு எவ்வளவு என்று, சிவகாசியிலேயே இருக்கும் நீங்கள், பக்கத்துத் தெருவில் விசாரித்தாலே தெரிந்துவிடும். கட்டும் பணத்துக்கு எத்தனை பிரதி உங்கள் கைக்கு வரும், மீதி எங்கே விற்கும், விற்றதில் உங்களுக்கு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் விலகிவிடுங்கள்.

பணம் கேட்காத பதிப்பகம் என்றாலும் ஒப்பந்தம் வேண்டும். பதிப்புரிமையைக் கொடுப்பது எழுத்தில் இருந்து, நீங்கள் கையெழுத்திட்டால்தான் செல்லும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள்: எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும், எந்தப் பகுதி என்று எழுதாவிட்டால் இந்தியா முழுவதும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, உரிமை உங்களிடமே திரும்பிவிடும். 'எல்லா உரிமைகளும், எல்லா வடிவங்களிலும், என்றென்றைக்கும்' என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு, தமிழ் அச்சுப் பதிப்புக்கு மூன்றோ ஐந்தோ ஆண்டு என்று எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், சினிமா, வெப் சீரிஸ் ஒவ்வொன்றும் தனி. முதல் நாவலை யார் படமாக எடுக்கப்போகிறார்கள் என்று அலட்சியமாகக் கொடுத்துவிட்டுப் பின்னால் தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ராயல்டி, அதாவது விற்பனையில் எழுத்தாளரின் பங்கு, வழக்கமாகப் புத்தக விலையில் பத்து சதவீதம். 350 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதியும் விற்றால் 10,500 ரூபாய். வேலையை விட்டுவிடாதீர்கள். ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது.

மூன்று நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறேன். அப்படியே அனுப்பலாமா?
விவசாயி, மணப்பாறை

வேண்டாம். பிள்ளைகள் யாரையாவது வைத்துத் தட்டச்சு செய்யுங்கள். நோட்டு தொலைந்தால் நாவலே போச்சு.

புனைபெயரில் அனுப்பலாமா?
அரசு ஊழியர், விழுப்புரம்

தாராளமாக. மடலிலும் ஒப்பந்தத்திலும் சொந்தப் பெயர், அட்டையில் புனைபெயர். அரசுப் பணியில் இருப்பதால் உங்கள் நடத்தை விதிகள் என்ன சொல்கின்றன என்பதையும் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எப்போது அனுப்புவது நல்லது? எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்? ஒரே நேரத்தில் பல பதிப்பகங்களுக்கு அனுப்பினால் தவறா?
பலர்

அக்டோபரிலிருந்து ஜனவரி வரை அனுப்பாதீர்கள். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருகிறது. 1977இல் தொடங்கியதிலிருந்து தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டுக் கணக்கே அதை வைத்துத்தான். அந்த நாலு மாதம் பதிப்பாளர் புதுப் பிரதியைத் திறக்க மாட்டார், ஏற்றவற்றை அச்சேற்றவே அவருக்கு நேரம் போதாது. பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை அனுப்பினால் நிதானமாகப் பார்க்க வாய்ப்புண்டு. அதற்கப்புறம் நெய்வேலி, ஈரோடு என்று மாவட்டப் புத்தகக் காட்சிகள் ஆரம்பித்துவிடும்.

மூன்று மாதம் பொறுங்கள். பிறகு இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். ஃபோன் செய்து 'படிச்சிட்டீங்களா சார்' என்று வாரா வாரம் கேட்காதீர்கள். முகநூலில் அவர் போடும் ஒவ்வொரு பதிவின் கீழும் போய் நிற்கவும் வேண்டாம். காத்திருக்கும்போது திருத்தம் தோன்றினால் குறித்து வையுங்கள். 'இதுதான் சரியான பிரதி, பழையதை நீக்கிவிடவும்' என்று மாதம் ஒரு மடல் போனால் எதையும் படிக்க மாட்டார்கள். இரண்டு மூன்று இடங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதில் தவறில்லை, மடலில் ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். ஓர் இடத்தில் ஏற்றுக்கொண்டால் அன்றைக்கே மற்றவர்களுக்கு எழுதிவிடுங்கள். நினைவூட்டலுக்கும் ஒரு மாதம்வரை பதில் வராவிட்டால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு அடுத்த பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது மடலின் மேலே பழைய பதிப்பகத்தின் பெயர் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.